தானா ஆஃப் ஆயிடுச்சு

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு என் போன் பாத்ரூமில், தண்ணீர் நிரம்பிய பக்கெட்டில் விழுந்தது. போனை எதற்கு பாத்ரூமுக்கு எடுத்துப் போனாய் என்று கேட்காதீர்கள், நீங்களும் எடுத்துப் போகிறவர்தான். துடைத்தேன். அரிசி டப்பாவில் புதைத்தேன். பொறுமை இல்லாமல் அன்று ராத்திரியே வெளியே எடுத்து சார்ஜில் போட்டேன். செத்துவிட்டது. மறுநாள் வேலப்பன்சாவடியில் என் நண்பன் வைத்திருக்கும் மொபைல் சர்வீஸ் கடைக்குப் போய் நான் சொன்னது இது: "தெரியலடா மச்சி, நைட்டு நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பாத்தா தானா ஆஃப் ஆயிடுச்சு."

அவன் ப்ளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். வாரன்டி முடிந்த போன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. இருந்தும் பொய், அதுவும் யோசிக்காமல், மூச்சு விடுவது மாதிரி வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. போனைத் திறந்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, என்னை எட்டிப் பார்க்கச் சொன்னான். போர்டு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சார்ஜிங் போர்ட்டுக்குள் ஒரு நொய்யரிசி.

"பொன்னியா, பாபட்லாவா?" என்று கேட்டான்.

இந்தக் கட்டுரை அந்த "தானா"வைப் பற்றியது.

*

மொபைல் கடைக்காரர் நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றுவார் என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரிஜினல் டிஸ்ப்ளேவைக் கழற்றிவிட்டு காப்பி மாட்டுவார், நல்ல பேட்டரியைத் திருடுவார், போகாத ஐசியைப் போய்விட்டது என்பார். கடைக்கு வருகிறவர் எப்படியெல்லாம் ஏமாற்றுவார் என்று ஒரு வீடியோ நான் பார்த்ததில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள். அந்த வீடியோவை யார் லைக் பண்ணுவார்கள்?

இது யூடியூப் கொண்டுவந்த புத்தி இல்லை, மிகப் பழையது. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் பகுதிக்குப் பெயர் 'கண்டக சோதனம்', அதாவது முள் களைதல். அதன் முதல் அத்தியாயமே கைவினைஞர்களிடமிருந்து மக்களைக் காப்பது பற்றியது. நெசவாளர், வண்ணார், தட்டார் என்று வரிசையாக யார் எதில் கைவைத்தால் என்ன தண்டனை என்ற பட்டியல். இரண்டாம் அத்தியாயம் வணிகர்களிடமிருந்து காப்பது. வேலை கொடுக்க வருகிறவரிடமிருந்து கைவினைஞரைக் காப்பதற்கு அப்படி ஒரு தனி அத்தியாயம் கிடையாது. தட்டார் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பார் என்று நம் ஊரில் பழமொழி உண்டு. செம்பு கலந்த நகையைக் கொண்டுபோய் சொக்கத்தங்கம் என்று சாதிக்கிறவருக்குப் பழமொழி கேட்டதுண்டா?

கோவலன் சிலம்போடு போய் நின்றதும் ஒரு கவுண்டர்தான். அந்தக் கதையில் அந்தப் பக்கம் இருந்தவன் திருடன், இந்தப் பக்கம் நின்றவன் அப்பாவி. கதையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மேடைகளில் அதன் பின்கதையை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. கண்ணகியின் சினம் தணிய வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று அதே சிலப்பதிகாரம் சொல்கிறது. பொய் சொன்னது ஒருவன். மிச்சம் 999 பேர் என்ன செய்தார்கள்? பட்டறையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். "எல்லா சர்வீஸ்காரனும் திருடன் ப்ரோ" என்று நாம் டீக்கடையில் சொல்லும்போது அந்த 999 பேர்மீதுதான் கைவைக்கிறோம்.

*

நண்பனின் கடை எட்டுக்குப் பத்து. முன்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஒரு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி, மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள், இன்னொரு பக்கம் புதிதாக முளைத்த அபார்ட்மென்ட்களின் ஐடி ஆட்கள், நடுவில் லாரிக்காரர்கள், டெலிவரிப் பையன்கள், குடோன்களில் வேலை செய்யும் வட இந்தியத் தொழிலாளர்கள். இதே சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். உலகத்துக்கே போன் பூட்டி அனுப்பும் ஊர். அங்கே பூட்டியதை இங்கே திறக்கிறான் இவன். அவனிடம் ஒரு மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் கன், டிசி பவர் சப்ளை, ஐபிஏ பாட்டில், ஒரு அல்ட்ராசோனிக் க்ளீனர். இதற்கெல்லாம் வாங்கிய கடனுக்கு இன்னும் தவணை கட்டுகிறான்.

வாரத்தில் ஒருநாள் மாலை நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்வது வழக்கம். அங்கே கேட்ட பொய்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் யார் காசு கொடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

முதலாவது, "தண்ணியே படல." தண்ணீரில் விழுந்த போன் என்று தெரிந்தால் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, அப்புறம் போர்டை ஐபிஏவில் கழுவுவது. தெரியாவிட்டால் எந்த மெக்கானிக்கும் முதலில் சார்ஜர் போட்டுத்தான் பார்ப்பார். ஈரமான போர்டில் கரன்ட் பாய்ந்தால் மிச்சமிருக்கும் உயிரும் போகும். அப்புறம் பவர் சப்ளையில் மாட்டி, பட்டனைத் தொடாமலே ஆம்பியர் ஏறுகிறதா என்று பார்த்து, எந்த கெபாசிட்டர் சூடாகிறது என்று ரோசின் புகை பூசித் தேட வேண்டும். அரை நாள் போகும். "பக்கெட்ல விழுந்துச்சு" என்ற ஒற்றை வாக்கியம் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய அரை நாள். கடைசியில் போன் வராவிட்டால் கூலியும் கிடையாது. "சரியாகலல்ல, அப்புறம் எதுக்குக் காசு?"

இரண்டாவது, "இதுவரைக்கும் யாருமே தொறக்கல." என் கண்ணால் பார்த்தது. ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று செத்த போனோடு வந்தார். திறந்தால் உள்ளே இரண்டு ஸ்க்ரூ இல்லை, டிஸ்ப்ளே ஏற்கெனவே மலிவான காப்பி, அதன் ஃப்ளெக்ஸ் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. இவன் 350 ரூபாய்க்கு சார்ஜிங் போர்ட் மாற்றினான். போன் உயிர் வந்தது, திரையில் பச்சைக் கோடும் வந்தது. "வரும்போது டிஸ்ப்ளே நல்லா இருந்துச்சு." செத்த போனில் டிஸ்ப்ளே நன்றாக இருந்ததா என்று எப்படி நிரூபிப்பது? சாயங்காலம் ஆறு மணி, கூட்ட நேரம். அவர் கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் கத்தினார். வந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள். 2,800 ரூபாய் காம்போவை இவன் சொந்தக் காசில் மாட்டிக் கொடுத்தான். அவர் உள்ளே வரும்போது இவன் "ப்ரோ", வெளியே போகும்போது "யோவ்".

மூன்றாவது, "பேட்டர்ன் மறந்துட்டேன்." சிலருக்கு உண்மையிலேயே மறக்கும். ஆனால் திருட்டு போனும் இதே வாக்கியத்தோடுதான் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317வது பிரிவுப்படி, திருட்டுப்பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை. காரணம் இருந்ததா இல்லையா என்று ஸ்டேஷனில் வைத்து விளக்க வேண்டியவன் இவன். அதனால் ஐஎம்இஐ எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்காமல் லாக் போனைத் தொடுவதில்லை. அதைக் கேட்டால், "என்னப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று கோபம். இன்னொரு வகை உண்டு. மனைவியின் போனைத் தன்னுடையது என்று கொண்டுவந்து, டேட்டா அழியாமல் திறந்து தரச்சொல்வார்கள். வால்பேப்பரில் இருக்கும் பெண்ணின் முகத்தை இவன் பார்க்கிறான், கொண்டுவந்தவரின் கையைப் பார்க்கிறான். "முடியாது சார், டேட்டா போயிடும்" என்கிறான். அந்த ஒரு பொய்யை நான் மன்னிக்கிறேன்.

நான்காவது, பணம். கவுண்டரில் இருக்கும் அந்த சவுண்ட் பாக்ஸைப் பாருங்கள். மாதாமாதம் வாடகை கட்டி அதை வைத்திருப்பது எதற்கு? பழைய ஸ்க்ரீன்ஷாட்டையும் போலி ஆப்பின் பச்சை டிக்கையும் காட்டிவிட்டு நடக்கிறவர்களுக்காக. நாம் நேர்மையாக இருந்திருந்தால் அந்தப் பெட்டி வாய் திறந்து கத்த வேண்டிய அவசியமே இல்லை.

*

படித்தவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓர் இன்ஜினியரிங் மாணவர் ஹாங்காங்கிலிருந்து போலி ஐபோன்களை வரவழைத்து, "ஆன் ஆகவில்லை" என்று சொல்லியே ஆப்பிளிடம் வாரன்டி கேட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். 1,493 புது போன்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. நஷ்டம் 8,95,800 டாலர். 2019ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆன் ஆகாத போனில் எதையும் சோதிக்க முடியாது என்ற அதே ஓட்டையில்தான் அவரும் புகுந்தார், 2,800 ரூபாய்க்காரரும் புகுந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. ஆப்பிளுக்காக வழக்கு நடத்த அமெரிக்க அரசாங்கம் இருந்தது. நுகர்வோருக்கு 1915 என்று ஒரு ஹெல்ப்லைன் இருக்கிறது, 1986ல் ஒரு சட்டம், 2019ல் ஒரு சட்டம், டிசம்பர் 24ல் ஒரு தேசிய தினமே இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. எட்டுக்குப் பத்து கடைக்காரன் கூப்பிட ஒரு நம்பர் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே நீங்கள் இரண்டு ஆட்சேபம் சொல்வீர்கள்.

ஒன்று, கடைக்காரர்களும் ஏமாற்றுகிறார்கள். ஆமாம். என் அம்மாவின் போனில் புது பேட்டரி என்று பழையதைப் போட்டுக் கொடுத்த கடை எனக்குத் தெரியும். என் நண்பனும் புத்தர் இல்லை. வெறும் க்ளீனிங்கில் சரியான போனுக்கு "ஐசி வேல பாத்தேன்" என்று 1,500 வாங்கியதை அவனே சொல்லியிருக்கிறான். கேட்டதற்கு, "க்ளீனிங்னு சொன்னா 200 ரூபா குடுப்பாங்க மச்சி. நாலு மணி நேரம் போச்சு எனக்கு" என்றான். தப்புதான். ஆனால் நேரத்துக்கும் திறமைக்கும் காசு தரமாட்டேன், பொருளுக்கு மட்டும்தான் தருவேன் என்று நாம் நின்றால், இல்லாத பொருளை அவன் பில்லில் எழுதத்தான் செய்வான்.

இரண்டாவது ஆட்சேபம் பலமானது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததே கம்பெனிகள்தானே? உண்மை. போனுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்தால் வாரன்டி கிடையாது. காற்றின் ஈரப்பதத்துக்கே அது நிறம் மாறலாம் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2013ல் ஆப்பிள் 5.3 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. மே மாத மெட்ராஸ் புழுக்கத்தில் நம் சட்டையே சிவக்காத குறை. அப்படிப்பட்ட கண்ணாடிக் கவுண்டரில், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, "தண்ணீர் படவில்லை" என்று நாம் சாதிக்கப் பழகினோம். அங்கே உண்மைக்கு அபராதம் உண்டு. சரி. ஆனால் வேலப்பன்சாவடிக் கடையில் என்ன அபராதம்? மறுப்பதற்கு அவனிடம் வாரன்டியே இல்லையே. பெரிய கம்பெனிக்கு எதிராகச் செய்த கத்தியை ஏன் இந்தச் சின்னக் கவுண்டருக்குக் கொண்டுவருகிறோம்? அங்கே குத்தினால் உள்ளே இறங்காது, இங்கே இறங்கும் என்பதாலா?

*

பணத்துக்காகப் பொய் சொல்கிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் நண்பன்தான் அதைத் திருத்தினான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன வாரம். கடை திறந்ததும் வரிசை. "அந்த ஒரு வாரம் ஒருத்தன்கூடப் பொய் சொல்லல மச்சி" என்றான். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுப்பா, நனைஞ்சிருச்சுன்னு எல்லாரும் மொத வார்த்தையே அதான்." அதே ஆட்கள், அதே போன், அதே தண்ணீர். புயல் தண்ணீரை ஒப்புக்கொள்ள யாருக்கும் கூச்சமில்லை, ஏனென்றால் அது யார் தப்பும் இல்லை. பக்கெட் தண்ணீர் என் தப்பு. அதைத்தான் சொல்ல வாய் வரவில்லை.

டெலிவரிப் பையன்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறார்கள் என்பதும் அவன் கணக்கு. ஏழை நல்லவன் என்ற சினிமா வசனமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு அவன் லாகின் செய்தாக வேண்டும். "மழைல நனைஞ்சிருச்சுண்ணா" என்று சொன்னால்தான் வேலை சீக்கிரம் முடியும். கௌரவம் பார்க்க அவனுக்கு நேரமில்லை. நமக்கு நேரமிருக்கிறது.

நான் வேலை செய்யும் ஐடி கம்பெனியில் சர்வர் விழுந்தால் மீட்டிங் போடுவோம். 'ப்ளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர். யார்மேலும் பழி கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அப்போதுதான் காரணம் கிடைக்கும் என்பது விதி. "நான்தான் அந்த கான்ஃபிகை மாத்தினேன்" என்று எழுந்து சொல்கிற பையனைப் பாராட்டி மெயில் போடுவோம். அதே நாங்கள் ஐடி கார்டு டேகோடு கடைக்குப் போய் நின்று "தானா ஆஃப் ஆயிடுச்சு" என்கிறோம். மேனேஜரிடம் ஒப்புக்கொள்ள முடிகிற தப்பை மெக்கானிக்கிடம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்தாவது தாண்டாதவன், டிப்ளமா படித்தவன், கையில் ஃப்ளக்ஸ் ஒட்டியவன் முன்னால் நான் கவனக்குறைவான ஆளாக நிற்பதா? தவறு எப்போதும் பொருளுடையது, அல்லது அவனுடையது. இதற்கு சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இது நம் ஊரின் பழைய மேல்-கீழ் கணக்காகத்தான் தெரிகிறது, கையில் மட்டும் புது போன். பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியிலும் தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர் என்று பொய் சொல்கிறவர்கள்தான் நாம். ஆனால் பல் போனால் டாக்டரைக் காசு கொடு என்று கேட்பதில்லை.

*

ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் 2001ல் அவருக்கு நோபல் கிடைத்தது. எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாத சந்தையில், எல்லாக் காருக்கும் சந்தேக விலைதான் கிடைக்கும். அதனால் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது அதன் சாரம். அங்கே விஷயம் தெரிந்தவர் விற்கிறவர். ரிப்பேர் கவுண்டரில் போனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நாம். நம்மில் எவர் உண்மை சொல்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சந்தேக விலை போடுகிறான். கடைசியில் அவனே விலகுகிறான்.

போன வருடம் என் நண்பன் போர்டு வேலையை நிறுத்திவிட்டான். இப்போது டெம்பர் கிளாஸ், கவர், சார்ஜர், கண்ணெதிரே மாற்றிக் கொடுக்கும் டிஸ்ப்ளே. மைக்ரோஸ்கோப்பைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான். அரிசியை விடச் சின்ன பாகத்தைக் கை நடுங்காமல் எடுத்து வைக்கப் பன்னிரண்டு வருடம் கற்றவன். "கவர்ல வம்பு இல்ல மச்சி. நாப்பது ரூபா நிக்கும், தூக்கம் வரும்" என்கிறான்.

அவன் நிறுத்திய மூன்றாவது மாதம், ஒரு மாலை, கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கவுண்டரில் போனை வைத்ததுமே சொன்னாள்: "ஹாஸ்டல் பக்கெட்ல விழுந்துருச்சுண்ணா. நான் வேற அவசரப்பட்டு சார்ஜ் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான். போட்டோஸ் மட்டும் எடுத்துத் தர முடியுமா? அப்பா போட்டோ அதுல மட்டும்தான் இருக்கு."

அப்படிப் பேச ஒருத்தர் வரமாட்டாரா என்றுதான் பன்னிரண்டு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தான். மூடியிருந்த மைக்ரோஸ்கோப்பைத் திரும்பிப் பார்த்தான். பவர் சப்ளையையும் க்ளீனரையும் விற்றாகிவிட்டது. "போர்டு வேல இப்ப பாக்கறதில்லம்மா. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பாருங்க. அதுவரைக்கும் ஆன் பண்ணிடாதீங்க" என்றான். அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவளை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பியது அவன் இல்லை. 2,800 ரூபாய்க்காரர் அனுப்பினார். என் பக்கெட்டும் சேர்ந்து அனுப்பியது.

ரிப்பேர் செய்யும் உரிமைக்காக அரசாங்கம் 2022ல் ஒரு போர்ட்டல் தொடங்கியது. நாமும் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். உரிமை இருக்கட்டும், ரிப்பேர் செய்ய ஆள் வேண்டாமா?

அடுத்த முறை கவுண்டரில் நிற்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன நடந்தது. இதற்கு முன் யார் திறந்தார்கள். ஒரிஜினலுக்குக் காசு தருகிறீர்களா, காப்பிக்கா. அதற்குப்பின் தாராளமாகக் கேள்வி கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில் கேளுங்கள், ஏமாற்றினால் 1915க்கு போன் போடுங்கள். முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது, நொய்யரிசியைப் பார்த்த அன்று. அந்த அசிங்கம் நம்முடையது. அதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.